வருகைக் கணக்கை மூடி வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஒரு காலத்தில் 30 பேர் வருவார்கள், இப்போது 7 பேர். சிலருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, சிலருடைய பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி. என் 19 வயது மகனோ, “நம்பாமல் வந்து உட்கார்ந்திருப்பது பொய்” என்று சொல்லி நின்றுவிட்டான். விசுவாசக் குடும்பங்கள் மட்டும் ஒரே இடத்தில் ஒதுங்கிக் குடியேறலாம் என்கிறார் எங்கள் மூப்பர் ஒருவர். அதுதான் வழியா? (ஒரு சபைச் செயலாளர்)

பதில்: ஐயா, நான்கு பக்கக் கடிதத்தில் இரண்டு பக்கம் வருகைக் கணக்கு. எந்த மாதம் எத்தனை பேர் என்று கட்டம் போட்டே எழுதியிருக்கிறீர்கள். வராமல் போன 23 பேரில் ஒருவரையாவது போய்ப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு எழுதுகிறவர்களுக்கு வரும் தொழில் நோய் இது.

சபை கூடிவருவதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள் என்ற வருத்தம் எபிரெயர் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஞாயிறு விடுமுறையும் ஆதியிலிருந்து வந்ததல்ல. கான்ஸ்டன்டைன் பேரரசர் 321ஆம் ஆண்டில்தான் அதை ஓய்வு நாளாக்கினார். அப்போதும் உழவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு முன் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அது வேலை நாள். கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோம ஆளுநர் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், கலைந்துபோய்ப் பிறகு உணவுக்காக மறுபடி கூடுகிறார்கள் என்கிறார். ஊர் தங்களுக்காக நேரம் ஒதுக்கித் தரும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உங்கள் கூட்டத்தின் நேரத்தை மாற்ற முடியுமா என்று வேலைக்குப் போகிறவர்களிடம் யாராவது கேட்டீர்களா?

அதே இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறார். வாசிப்பு, ஜெபம், அப்பம், எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் உதவிக்காரர்கள் அதில் பங்கு கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று ஒரு செய்தி வருகிறது. நான் அந்த இடத்தைத் தாண்டுவதே இல்லை. வராதவன் பெயரை அடிக்கவில்லை, அவன் பங்கை எடுத்துவைத்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தேன். சபையிலிருந்து நலம் விசாரித்துக் குறுஞ்செய்திகள் வந்தன. ஒரே ஒருவர்தான் நேரில் வந்தார். அன்று பாடிய பாட்டுத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். பிரசங்கம் என்னவென்று கேட்டேன். பாதியில் தூங்கிவிட்டதாகச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. மற்றவர்கள் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் அடங்க வெகுநாள் ஆனது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒதுங்கிக் குடியேறும் யோசனைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்பவர் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதிகளில்கூட, மடத்து வாசலில் விவேகமுள்ள ஒரு முதியவரை அமர்த்தி, தட்டுகிறவருக்கு உடனே பதில் சொல்லச் சொல்கிறார். வருகிற விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறார். உங்கள் மூப்பரின் திட்டத்தில் வாசல் எங்கே இருக்கிறது, அங்கே யார் உட்காரப்போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். நம்பாமல் உட்கார்ந்திருப்பது பொய் என்கிறான். பொய் கூடாது என்று சிறுவயதிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவனை நாத்திகன் என்று பெயரிட்டு ஜெபக்குறிப்பில் சேர்த்து எல்லோர் முன்னும் வாசிக்காதீர்கள். வாசித்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள். சாப்பிடும்போது பிரசங்கத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். கூட்டம் முடிந்து முதியவர்களை வீட்டில் கொண்டுபோய்விட ஆள் தேவையென்றால் அவனிடம் கேளுங்கள். உள்ளே இழுப்பதற்கான தூண்டிலாக அதைச் செய்தால் கண்டுபிடித்துவிடுவான். உண்மையிலேயே ஆள் வேண்டியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்த 23 பெயர்களையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி 7 பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். ஆளுக்கு மூன்று பெயர், இருவருக்கு மட்டும் நான்கு. ஒரு மாதத்துக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும். வாருங்கள் என்று அழைக்கக் கூடாது, எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். மகனின் பெயர் எழுதிய சீட்டை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள். வேறு யாரிடமாவது போகட்டும்.