மருத்துவர் பதில்கள்: பூச்சிமருந்து நெடி நெஞ்சில் ஏறினால்...

கேள்வி: மூடிய சேமிப்பு அறையில் பூச்சிமருந்து தெளித்த என் தந்தை, அரை மணி நேரத்தில் தள்ளாடியபடி வெளியே வந்து சாய்ந்துவிட்டார். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது, எச்சில் ஒழுகியது. பாலைக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கச் சொன்னார்கள் சிலர். நாங்கள் அதைச் செய்யாமல் அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம், பிழைத்துக்கொண்டார். அந்த முதல் சில நிமிடங்களில் நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: பாலைக் கொடுக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய நன்மை. மூச்சு வழியாகப் போன நஞ்சை வாந்தி வெளியே கொண்டுவராது. மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் அபாயம்தான் மிச்சம்.

உங்கள் தந்தை தாமாகவே வெளியே வந்தார். உள்ளேயே விழுந்திருந்தால் பதறிப்போய் நீங்களும் ஓடியிருப்பீர்கள். மூக்கில் கட்டும் ஈரத்துணி நச்சு ஆவியைத் தடுக்காது. உரிய சுவாசக் கவசம் இல்லாதவர் உள்ளே நுழைந்தால் காப்பாற்றப்பட வேண்டியவர் இருவராகிவிடுவர். கதவு சன்னல்களை வெளியிலிருந்து திறந்துவிட்டு, தீயணைப்பு மீட்புக் குழுவை அழைப்பதே சரி.

வெளியே வந்தவரைக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்தியதும் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் உடுப்புகளைக் கழற்ற வேண்டும். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தெளிப்பவரின் சட்டையில் மருந்து ஊறியிருக்கும். நெடியைச் சுவாசிப்பது நின்ற பிறகும் அது தோல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சட்டையைத் தலைவழியே உருவாமல் வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிட்டு, கையுறை அணிந்துகொண்டு, தலைமுடி, நகக்கண் உட்பட உடம்பை சோப்பும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். கண் எரிந்தால் 15 நிமிடம் சுத்தமான நீரை ஓடவிட வேண்டும். ஆனால் மூச்சு திணறும்போது கழுவுவதற்காக ஆம்புலன்ஸைக் காக்கவைக்காதீர்கள். நினைவுடன் இருப்பவரைச் சாய்ந்து உட்காரவையுங்கள்; மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சிலும் கோழையும் வெளியே வடியும். மருந்துப் புட்டியின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; அதிலுள்ள வேதிப்பெயர் எங்களுக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கேள்வி: மருத்துவமனையில் அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவருக்கு நாக்கு வறண்டது, இரவில் உளறினார். மருந்து அதிகமாகிவிட்டதா? தெளிந்த பிறகும் நான்கு நாள் வைத்திருந்தது அவசியமா?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பல பூச்சிமருந்துகளில் உள்ள ஆர்கனோபாஸ்பேட் அல்லது கார்பமேட் வகை நஞ்சைக் காட்டுகின்றன. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் சிதைத்துவிடும் நொதி ஒன்று உண்டு. இந்த நஞ்சுகள் அந்த நொதியை முடக்கிவிடுவதால் சுரப்பிகள் ஓயாமல் சுரக்கின்றன. கண்பாவை ஊசிமுனையளவாகச் சுருங்குகிறது. தசைகள் தோலுக்கடியில் துடிக்கின்றன. உயிரை எடுப்பது பெரும்பாலும் நுரையீரலில் நிறையும் நீரும் சோர்ந்துபோகும் சுவாசத் தசைகளும்தான்.

அந்தச் சுரப்பை அடக்குவதே அட்ரோபினின் வேலை; ஆகவே அதற்கு ‘இவ்வளவுதான்’ என்ற கணக்கு கிடையாது. பெரியவர்களுக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை தொடங்கி, சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, களகளவென்ற ஒலி அடங்காவிட்டால் அளவை இருமடங்காக்குவோம். நுரையீரல் தெளிந்து, நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டி, இரத்த அழுத்தமும் தேறிய பிறகே அளவு குறையும். நாக்கு வறள்வது எதிர்பார்த்ததே. உளறலும் காய்ச்சலும் சேர்ந்தால் மருந்து சற்று மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்போது அதை நிறுத்திவைத்து, பிறகு குறைத்துக் கொடுப்பார்கள். இதனால்தான் வீட்டில் அட்ரோபினைக் கையாளவே கூடாது. அட்ரோபின் தசைச் சோர்வைத் தீர்க்காது; அதற்கு ஆக்சிஜனும், தேவைப்பட்டால் செயற்கைச் சுவாசக் கருவியும், சிலருக்கு முடங்கிய நொதியை மீட்கும் பிராலிடாக்சிம் மருந்தும் தரப்படும். வலிப்பு வந்தால் டயஸிபாம்.

நான்கு நாள் வைத்திருந்தது மிகச் சரி. ஆர்கனோபாஸ்பேட் நஞ்சில் 24 முதல் 96 மணி நேரத்துக்குள், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கே திடீரெனச் சுவாசத் தசைகள் தளர்வதுண்டு. காலைச் சுற்றில் மருத்துவர் உங்கள் தந்தையிடம் ‘தலையணையிலிருந்து தலையைத் தூக்குங்கள்’ என்று கேட்டிருப்பாரே, அது விளையாட்டில்லை. கழுத்துதான் முதலில் சோர்ந்து காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: தானியத்தில் வைக்கும் மாத்திரையின் நெடியும் இதே போன்றதா?

பதில்: இல்லை. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிறது. 3 கிராம் மாத்திரை ஏறத்தாழ 1 கிராம் வாயுவை வெளியிடும். இதற்கு அட்ரோபின் பயன்படாது. மாற்று மருந்தே கிடையாது, இதயத்தையும் நுரையீரலையும் தாங்கிப்பிடிக்கும் சிகிச்சை மட்டுமே உண்டு. சிந்திய மாத்திரை மீது தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற வாடை தெரியாவிட்டாலும் வாயு இருக்கலாம். லேசான இருமலோடு வீடு திரும்பியவருக்கும் இரண்டு மூன்று நாட்கள் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அந்த வாயுவைச் சுவாசித்தவர் எவரும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.