பாப் ஸ்மியர் நார்மல், பயாப்ஸில கேன்சரா?

கேள்வி: டாக்டர், என் அக்காவுக்கு 38 வயசு. கர்ப்பப்பை வாய் கோன் பயாப்ஸி (கூம்பு வடிவுல கொஞ்சம் சதையை வெட்டி எடுத்துப் பண்ற டெஸ்ட்) ரிப்போர்ட்ல 'அடினோகார்சினோமா இன் சிட்டு, மார்ஜின் பாசிட்டிவ்'னு போட்டிருக்கு. போன வருஷம் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் செல்லை பிரஷ்ல தேய்ச்சு எடுத்துப் பார்க்கிற டெஸ்ட்) நார்மல்தானே, எப்படி இது?
– வாசகி, திருச்சி

பதில்: பதறாதீங்கம்மா, 'அடினோகார்சினோமா'ன்னா சுரப்பி செல்ல வர்ற கேன்சர், 'இன் சிட்டு'ன்னா செல் கெட்டுப்போயிருக்கு ஆனா சுரப்பியோட சுவரைத் தாண்டி உள்ள இறங்கலைன்னு அர்த்தம். இது பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்க்குள்ள இருக்கிற குழாய்ல, சுரப்பி மடிப்புகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதனால ஸ்மியர் பிரஷ்ல சிக்காம போயிடலாம், யாரையும் திட்டிப் பிரயோஜனமில்ல. காரணம் பெரும்பாலும் ஹெச்பிவி வைரஸ்தான், 16, 18ம் நம்பர் வகைங்க, அதுலயும் 18க்கு சுரப்பி செல்னா ஒரு தனிப் பிரியம். மைக்ராஸ்கோப்ல பார்த்தா நல்ல சுரப்பியும் கெட்டதும் ஒரே வட்டத்துல பாதிக்குப் பாதி ஒட்டிக்கிட்டு நிக்கும், கெட்ட பக்கம் உட்கரு நீளமா, கருப்பா, நெருக்கியடிச்சுக்கிட்டு.

மார்ஜின் பாசிட்டிவ்னா வெட்டின ஓரத்துலயும் அந்த செல் இருக்கு, உள்ள மிச்சம் இருக்கலாம். அதனால மறுபடி கோன் எடுத்து, பரவ ஆரம்பிச்சிருக்கான்னு பார்ப்பாங்க. அப்படி இருந்தாலும் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள்ளன்னா 1ஏ1 ஸ்டேஜ், அதாவது கேன்சரோட ரொம்ப ஆரம்பக் கட்டம்தான். அக்காவுக்கு இன்னும் குழந்தை வேணும்னா அதை முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, சிகிச்சை முடிவே அதை வச்சு மாறும்.