எந்தக் கேமரா: நிகான் டி3500-ஆ, கேனான் 200டி மார்க் 2-ஆ?

கே: இரண்டிலும் 24 மெகாபிக்சல்தான். படத்தில் வித்தியாசம் தெரியுமா சார்?

நல்ல வெளிச்சத்தில் தெரியாது. அதனால் படத்தின் தரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வ்யூஃபைண்டரில், அதாவது கேமராவின் சிறு கண்ணாடித் துளையில், கண் வைத்து எடுப்பீர்களா, பின்திரையைப் பார்த்தா? முதல் வகை என்றால் நிகான், இரண்டாவது என்றால் கேனான்.

கே: மகனுக்கு இரண்டு வயது. ஒரு இடத்தில் நிற்கமாட்டான். தரையில் கேமராவை வைத்து எடுக்க ஆசை.

தயங்காமல் கேனான் வாங்குங்கள். திரையை வெளியே இழுத்துத் திருப்பலாம், திரையில் முகத்தைத் தொட்டால் டூயல் பிக்சல் ஃபோகஸ் (கேனானின் வேகமான தானியங்கி ஃபோகஸ் முறை) சட்டென்று பிடித்துக்கொள்ளும். நிகானின் திரை அசையாது, தொடுதிரையும் இல்லை. திரையைப் பார்த்து எடுக்கும்போது ஃபோகஸ் தடுமாறும். அதற்குள் பிள்ளை அடுத்த அறைக்குப் போயிருப்பான்.

கே: சமையல் வீடியோவுக்கு, 4கே இருக்கிறது என்று கேனான் எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் 4கே-க்காக வேண்டாம். 4கே-யில் காட்சியின் ஓரங்கள் நிறைய வெட்டுப்படும், டூயல் பிக்சல் ஃபோகஸும் வேலை செய்யாது. முழு எச்டியில் எடுங்கள். வெளி மைக் செருகும் துளை கேனானில் உண்டு, நிகானில் இல்லை. உங்களுக்கு அதுதான் முக்கியம்.

கே: அண்ணா, கல்யாண போட்டோ எடுக்கப் பழகுகிறேன். எது?

தம்பி, கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று. இந்தக் கேனானின் ஹாட் ஷூவில், அதாவது மேலே ஃபிளாஷ் செருகும் இடத்தில், ஃபிளாஷை எரியச் சொல்லும் நடு முனை கிடையாது. கேனானின் சொந்த ஃபிளாஷ் எரியும். ஆனால் அந்த ஒரு முனையை மட்டும் நம்பியிருக்கும் விலை மலிவான மேனுவல் ஃபிளாஷும் தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்கும் சாதாரண டிரிக்கரும் வேலையே செய்யாது. பழகுபவருக்கு முதலில் கைக்கு எட்டுவது அந்த மலிவு ஃபிளாஷ்தானே? கேனான் அந்த முனையை எடுத்துவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நிகானில் அந்த முனை இருக்கிறது. மண்டப வேலைக்கு நிகானையே எடு. அப்புறம் 35 எம்எம் எஃப்1.8ஜி டிஎக்ஸ் லென்ஸ் ஒன்று சேர்த்துக்கொள்.

கே: அப்பாவின் 50 எம்எம் எஃப்1.8டி நிகான் லென்ஸ் வீட்டில் இருக்கிறது. பொருந்துமா?

பொருந்தும், ஆனால் ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். டி3500-இன் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி போன்ற, தனக்குள்ளேயே மோட்டார் உள்ள லென்ஸ்களுக்குத்தான் தானாக ஃபோகஸ் ஆகும்.

கே: மலையேற்றத்துக்கு?

நிகான். வ்யூஃபைண்டரில் எடுத்தால் ஒரு சார்ஜுக்கு 1,550 படம் என்பது நிறுவனக் கணக்கு, கேனானுக்கு 1,070. எடை நிகான் 415 கிராம், கேனான் 449 கிராம். எடையில் பெரிய வித்தியாசமில்லை.

கே: டி3500 உற்பத்தி நின்றுவிட்டதே. பழசு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

நேரில் ஒரு படம் எடுத்து, அந்த ஜேபெக் கோப்பை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணை நிகான் அதிலேயே எழுதிவைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், கார்டிலிருந்தே எடுங்கள். பிறகு லென்ஸின் துளையை எஃப்16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசியும் தெரிந்துவிடும்.