புட்டிங் என்றால் இனிப்பு என்று யார் சொன்னது?

லீட்ஸில் 16 வருடமாகக் குடித்தனம். அதில் 6 வருடம் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை. அந்த தைரியத்தில் பிரிட்டிஷ் சாப்பாடு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். லண்டன் ஈஸ்ட் எண்ட் பக்கம் விலாங்கு மீனை வேகவைத்து, அதன் சாறு உறைந்து கொழகொழவென்று நிற்கிற பதத்தில் தருவார்கள். அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ஒரு வாய்க்கு மேல் என்னால் முடியவில்லை.

கேள்வி: அக்கா, பார்ன்ஸ்லியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் சனிக்கிழமை டீக்கு வரச் சொன்னார். வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அங்கே மேசை நிறையச் சாப்பாடு! நான் தப்பாகப் புரிந்துகொண்டேனா?

வட இங்கிலாந்தில் டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு, தம்பி. ஐந்து, ஆறு மணிக்கே முடித்துவிடுவார்கள். டின்னர் என்பது மத்தியானம். பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறிய எங்களுக்கே 'டின்னர் லேடி' என்றுதான் பெயர். இனி யாராவது டீக்குக் கூப்பிட்டால் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். 'ப்ரூ' வேண்டுமா என்று கேட்டால் மட்டும் வெறும் டீ.

கேள்வி: ஞாயிறு விருந்தில் யார்க்‌ஷயர் புட்டிங் உண்டு என்றார்கள். இனிப்பு என்று நினைத்து வயிற்றில் இடம் விட்டிருந்தேன். அதைக் கறியோடு வைத்து மேலே குழம்பை ஊற்றிவிட்டார்கள்!

இந்த ஏமாற்றம் எல்லோருக்கும் ஒருமுறை உண்டு. மைதா, முட்டை, பால், உப்பு, அவ்வளவுதான் மாவு. ரகசியம் எண்ணெயில் இருக்கிறது. குழிக் குழியான தகரத் தட்டில் கொழுப்பை ஊற்றி, புகை வரும்வரை ஓவனில் காயவைக்க வேண்டும். மாவை ஊற்றும்போது 'சொய்ங்' என்று சத்தம் வரவில்லையென்றால் அன்றைக்கு அது தேறாது. அப்புறம் இருபது நிமிடத்துக்கு ஓவன் கதவைத் திறக்கக்கூடாது. திறந்தால் பொசுக்கென்று அமுங்கிவிடும். சரியாக வந்தால் ஓரம் மொறுமொறுவென்று எழும்பி, நடுவில் குழி விழுந்திருக்கும். ஆப்பச்சட்டியில் பழகிய நமக்கு அந்த உருவத்தைப் பார்த்ததுமே ஒரு பாசம் வந்துவிடும். குழி எதற்கு? கிரேவிக்குத்தான். அந்தக் காலத்தில் இதை முதலில் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு, விலை கூடின கறியைப் பிறகு கொஞ்சமாகக் கொடுப்பார்களாம். விருந்தாளியை வடையில் நிறுத்திவிடுகிற நம் சாமர்த்தியம்தான்.

புட்டிங் என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். கறியும் சிறுநீரகமும் வைத்து வேகவைத்ததும் புட்டிங், கிறிஸ்துமஸ் இனிப்பும் புட்டிங். சாப்பாடு முடிந்து "புட்டிங் என்ன?" என்று கேட்டால் ஐஸ்கிரீம்கூட அதில் சேர்த்தி.

கேள்வி: காலை டிபனில் கறுப்பாக வட்டமாக ஒரு துண்டு. பிளாக் புட்டிங்காம். ரத்தம் என்று தெரிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

ஊரில் ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இதற்கு மூஞ்சியைச் சுளிக்க உங்களுக்கு உரிமை இல்லை. இது பன்றி ரத்தம். ஓட்ஸும் பார்லியும் கொழுப்பும் சேர்த்து உறையில் அடைத்தது. மான்செஸ்டர் பக்கத்தில் பெரி என்கிற ஊர் இதற்குப் பெயர்போனது. தேங்காய்ப்பூ இல்லாததுதான் என் ஒரே குறை.

கேள்வி: என் மகன் ஷெஃபீல்டில் படிக்கிறான். சுத்த சைவம். கிறிஸ்துமஸுக்கு மின்ஸ் பை சாப்பிட்டதாகச் சொல்கிறான். மின்ஸ் என்றால் கொத்துக்கறிதானே? எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அம்மா, பதறாதீர்கள். பழைய காலத்தில் கறி போட்டார்கள். இப்போது அந்தச் சின்ன மாவு ஓட்டுக்குள் இருப்பது உலர்திராட்சை, ஆப்பிள், ஆரஞ்சுத் தோல், பட்டை, ஜாதிக்காய். ஆனால் முழுப் பதிலையும் சொல்லிவிடுகிறேன். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு கெட்டிக் கொழுப்பு இருக்கும். சூயட் என்பார்கள். பழைய முறைப்படி அதைத் துருவி இந்தப் பூரணத்தில் சேர்ப்பது வழக்கம். இப்போது கடைகளில் விற்பதில் பெரும்பாலும் தாவரக் கொழுப்புதான். டப்பாவில் 'வெஜிடேரியன்' என்று போட்டிருந்தால் கவலையில்லை. யாராவது வீட்டில் செய்து கொடுத்தால் கேட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். இங்கே அப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பயங்கரமான பெயர் உள்ளது சாதுவாக இருக்கும், சாதுவான பெயர் உள்ளது கவிழ்த்துவிடும். டோட் இன் த ஹோல் என்பதில் தேரையும் இல்லை, பொந்தும் இல்லை. யார்க்‌ஷயர் புட்டிங் மாவில் சாசேஜ் போட்டுச் சுடுவது. வெல்ஷ் ரேர்பிட்டில் முயல் கிடையாது, ரொட்டிமேல் உருக்கிய சீஸ்தான். ஆனால் அந்த சீஸில் அநேகமாக வூஸ்டர் சாஸ் விடுவார்கள், அதில் நெத்திலி ஜாதி மீன் இருக்கிறது! இன்னொன்று: யார்க்‌ஷயரில் பொரித்த மீன் விற்கும் பல கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். மின்ஸ் பையை விடுங்கள், தம்பியிடம் முதலில் சிப்ஸைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: மார்மைட்டை ஜாம் மாதிரி ரொட்டியில் தடவிச் சாப்பிட்டேன். இதை மனிதர் சாப்பிடுவார்களா?

ஜாம் மாதிரித் தடவியதுதான் தப்பு. முதலில் வெண்ணெய், அதன்மேல் கத்தி நுனியில் எடுத்து, தடவினோமா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவு. பர்ட்டனில் பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டில் 1902 முதல் செய்கிறார்கள். உப்பும் கசப்புமாக, சுண்டிப்போன ரசத்தின் அடிவண்டல் போல இருக்கும். "பிடிக்கும், இல்லையேல் வெறுப்பீர்கள்" என்று விளம்பரம் செய்தே விற்கிறவர்கள். இலங்கைத் தோழி வீட்டில் வெந்நீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார்கள். சளி பிடித்த அன்றைக்கு அமிர்தம்.

கேள்வி: மல்லிகட்டானி சூப் நம்முடையதா?

பெயர் நம் மிளகுத் தண்ணீர். உள்ளே கோழி, ஆப்பிள், கறிப்பொடி, சோறு. பெயரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கறி ஹவுஸ் மெனுவில் 'மெட்ராஸ்' என்பதும் அப்படித்தான். அது ஊர் இல்லை, காரத்தின் அளவு: குருமாவுக்கு மேலே, விண்டாலுவுக்குக் கீழே.

கேள்வி: டீயோடு தருகிற ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியில் முதலில் ஜாமா, க்ரீமா?

டெவனில் க்ரீம், கார்ன்வாலில் ஜாம். நடுவில் போய் நிற்காதீர்கள். க்ரீம் என்பது கெட்டிப் பாலாடை. எனக்கு எது முதலில் போனாலும் சரி.

கேள்வி: மாவு மூடிச் சுட்ட 'பை' ஒன்றிலிருந்து மீன் தலைகள் எட்டிப் பார்க்கிற படம் பார்த்தேன். பொய்யா?

நிஜம். ஸ்டார்கேஸி பை. கார்ன்வாலில் மவுஸ்ஹோல் என்று எழுதி 'மவுஸல்' என்று கூப்பிடும் மீனவர் கிராமத்தில், டிசம்பர் 23 அன்று செய்வது. மீன் நம் மத்தி ஜாதிதான். தலையிலிருந்து எண்ணெய் உள்ளே இறங்குமாம். எனக்கென்னவோ அவை என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

கேள்வி: இங்கிலீஷ் நண்பர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

இட்லி, பூரி, உருளைக்கிழங்கு மசால், எது வேண்டுமானாலும். கறிவேப்பிலையை ஒதுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முருங்கைக்காய் சாம்பார் மட்டும் வேண்டாம். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருமுறை வந்திருந்தார். ஒரு துண்டை முழுசாக வாயில் போட்டு மெல்கிறார், மெல்கிறார், கண்ணில் தண்ணீர். மரியாதைக்காக விழுங்கியும் விட்டார். பிறகு என் வீட்டுக்காரர் தட்டோரம் குவித்து வைத்திருந்த சக்கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்: "சைவச் சாப்பாடு என்றுதானே சொன்னீர்கள்? எலும்பு எப்படி வந்தது?"