பழைய கண்ணாடித் தம்ளர்களில் விருந்தினருக்குப் பரிமாறலாமா?

கேள்வி: பழைய சாமான் கடையிலும் வீடு காலி செய்பவர்களிடமும் வாங்கிய பழங்காலக் கண்ணாடித் தம்ளர், கோப்பை, ஜக்கு போன்றவற்றை வீட்டு விருந்துக்குப் பயன்படுத்தலாமா? சுத்தமும் பாதுகாப்பும் எப்படி? ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தால் நன்றாக இருக்குமா?

பதில்:

தாராளமாகப் பயன்படுத்தலாம். எந்தக் கண்ணாடியில் எதை ஊற்றலாம், எதை ஊற்றவே கூடாது என்று தெரிந்துகொண்டால் போதும். நான் பத்து ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன். அதில் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இருப்பது சேலத்தில். உருக்காலை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் முதல் காப்பி வரை எல்லாம் எவர்சில்வரில்தான் வரும். கண்ணாடிச் சாமான் என்றால் அது ஷோகேஸில் பூட்டி வைத்துத் தீபாவளிக்குத் தூசி தட்டுவதற்கான பொருள். எனக்கு இந்தப் பழக்கம் ஏற்காட்டிலிருந்து வந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு, வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் அங்கே பங்களாக்கள் கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன சாமான்கள் கைமாறிக் கைமாறி இன்றும் எங்கேயாவது ஒரு பரணிலிருந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, அங்கே வந்திருந்த பழைய சாமான் வியாபாரியிடமிருந்து ஒரு மரப்பெட்டியில் 23 கண்ணாடிச் சாமான்களை மொத்தமாக வாங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அவை உடையாமல் இறங்கியதற்குக் காரணம், நாத்தனார் ஒவ்வொன்றையும் தன் கணவரின் பழைய வேட்டித் துணியில் சுற்றி, உள்ளேயும் துணியைத் திணித்துக் கொடுத்ததுதான்.

வியாபாரி எல்லாமே பெல்ஜியம் கண்ணாடி என்றார். நம் ஊரில் பழைய கண்ணாடி விற்கும் எவரும் வேறு நாட்டின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது பெரும்பாலானவற்றின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய தையல் போன்ற ஒரு கோடு தெரிந்தது. உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி வார்த்தால் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் அந்தக் கோடு விழும்; அத்தகைய தம்ளரின் பூவேலை விரலுக்கு மழுங்கலாகத் தட்டுப்படும். சாணைச் சக்கரத்தில் வைத்து வெட்டிய கண்ணாடியில் அதே பூவேலையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அடியைத் திருப்பிப் பார்ப்பதும் பயன் தரும். என் பெட்டியில் நான்கு தம்ளர்களின் அடியில் பிரான்ஸ் என்றும், இரண்டில் பரோடாவில் தயாரான யெரா என்றும் பொறித்திருந்தது. பெல்ஜியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்கு வருத்தமில்லை. விருந்துக்கு உழைப்பவை இந்த அச்சில் வார்த்த தடித்த தம்ளர்கள்தான்.

வெட்டு வேலை செய்த கண்ணாடியில்தான் கவனம் தேவை. பழைய கட்கிளாஸில் பெரும்பாலும் ஈயம் (உடலுக்கு நஞ்சான லெட்) கலந்திருக்கும். 1670களில் இங்கிலாந்தில் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் ஈயம் கலந்து கண்ணாடி செய்யும் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து, அந்தப் பளபளப்புக்காகவும் எளிதாக வெட்ட முடியும் என்பதற்காகவும் அதைச் சேர்த்தார்கள். ஈயப் படிகம் என்று விற்கப்படுவதில் ஈய ஆக்சைடு 24 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனப்பதும், விளிம்பில் நகத்தால் சுண்டினால் கோயில் மணிபோல் ரீங்காரம் நீள்வதும் அதன் அடையாளங்கள், உறுதியான சான்றுகள் அல்ல. புளிப்பான பானம் அந்த ஈயத்தைக் கரைத்து எடுக்கும். எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு அதிகமாகக் கரையும். எனவே எலுமிச்சைச் சாறு, பானகம், மாங்காய்ச் சாறு ஆகியவற்றை நான் அதில் ஊற்றுவதில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் எதையுமே கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணங்கள் வறுத்த முந்திரிக்கும், தண்ணீரில் மிதக்கவிடும் மல்லிகைக்கும் பயன்படுகின்றன. யாரும் குறைவாக நினைத்ததில்லை. வெளிப்புறம் வண்ணப் பூ வரைந்த பழைய தம்ளர்களிலும், அந்த வண்ணம் உதடு படும் இடம்வரை வந்திருந்தால், அவற்றைக் குடிப்பதற்குக் கொடுக்காதீர்கள்.

சுத்தத்தைப் பற்றி என் மாமியார் கேட்டதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்ததுமே அவர், "யாரு வாய் வெச்சுக் குடிச்சதோ, நமக்கெதுக்கு கண்ணு இது" என்றார். கண்ணாடி மண்பாண்டத்தைப் போல எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்வதில்லை என்பதால், சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மஞ்சள் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்த பிறகே சமையலறைக்குள் விட்டார். அவர் பயந்தது பழைய எச்சிலுக்கு. நான் பயப்படுவது விரிசலுக்கு. விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத சிறு சிதைவும் தட்டுப்படும். அப்படிப்பட்ட தம்ளரைப் பேனா வைக்கவோ கொத்துமல்லி நட்டு வைக்கவோ ஒதுக்கிவிட வேண்டும்.

கழுவும்போது எவர்சில்வர் தொட்டியிலோ கருங்கல் தொட்டியிலோ கண்ணாடியைப் போடாமல், அடியில் துண்டு விரித்த பிளாஸ்டிக் டப்பில் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். காம்பு வைத்த கோப்பையைக் காம்பில் பிடித்துத் துணியை உள்ளே திருகினால் காம்பு கையோடு வந்துவிடும். சேலத்துப் போர் தண்ணீரில் கழுவி அப்படியே உலர விட்டால் வெள்ளைப் படலம் படியும். வெள்ளை வினிகரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்தி வைத்துத் துடைத்தால் அது உப்புப் படிவா என்று தெரிந்துவிடும். போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது என்று பொருள், அதற்கு மருந்தில்லை. கடைசி அலசலை மட்டும் காவிரித் தண்ணீரில் செய்து உடனே துடைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

பெட்டியில் மூடி இறுகிப்போன ஒரு கண்ணாடிக் குடுவையும் இருந்தது. அதை நாத்தனார் வீட்டிலேயே திறக்க முயன்றோம். மூடிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊற வைத்தால் தளரும் என்று கேள்விப்பட்டிருந்ததால், தேங்காயெண்ணெயை எடுத்து வரச் சொன்னேன். மார்கழி மாத ஏற்காட்டில் அது பாட்டிலோடு உறைந்து வெண்ணெய்க்கட்டிபோல் இருந்தது. "அண்ணி, இது உள்ளே இறங்காது, நல்லெண்ணெய் விடுங்க" என்று நாத்தனார்தான் சொன்னாள். நல்லெண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்து, காலையில் கழுத்தை மட்டும் வெந்நீரில் நனைத்த துணியால் மெல்லச் சூடாக்கி, மரக்கரண்டியின் பிடியால் மூடியை இருபுறமும் மாறிமாறித் தட்டியபோது, கிர்ரென்று ஒரு சத்தத்தோடு அது திரும்பியது. உள்ளே அடியில் படிந்திருந்த பழுப்புக் கறை பிரஷ்ஷுக்கு எட்டவில்லை. ஒரு பிடி நொய்யும் சோப்புத் தண்ணீரும் போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் குலுக்கியதில் போயிற்று. இப்போது விருந்தன்று அதில் தண்ணீர் இருக்கும். விருந்து முடிந்ததும் காலி செய்துவிடுவேன். கனமான குடுவை, சந்தேகத்துக்கு இடமளிப்பானேன்?

சூடான எதையும் பழைய கண்ணாடியில் ஊற்றாதீர்கள் என்பதை நான் ஒரு தம்ளரைப் பலிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். தடித்த கண்ணாடி உறுதியானது என்று நினைத்துப் பொங்கிய பாலை ஊற்றினேன். டக்கென்ற ஒலியோடு அடிப்பாகம் வட்டமாகக் கழன்று மேடையில் நின்றது, பால் முழுவதும் என் புடவையில். கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். உட்புறம் விரிந்து வெளிப்புறம் விரியாமல் நிற்பதால் தடிமன் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. காப்பிக்கு டபராவும் தம்ளருமே சரி. எதிர்த்திசையிலும் இதே கதைதான்: மே மாத வெயிலில் சேலத்து வீட்டு அலமாரியில் காய்ந்திருக்கும் தம்ளரில் நேராக ஐஸ் கட்டியைப் போடாமல், முதலில் சாதாரணத் தண்ணீரில் அலசி, நன்னாரி சர்பத்தை ஊற்றிய பிறகு ஐஸைப் போட வேண்டும்.

எந்தப் பானம் என்பதைப் போலவே யார் குடிக்கிறார்கள் என்பதும் முக்கியம். நம் பெரியவர்கள் அண்ணாந்து குடிப்பவர்கள். எவர்சில்வர் தம்ளரின் விளிம்பு வெளிப்புறம் மடிந்திருப்பது தண்ணீர் ஒரே தாரையாக விழ உதவுகிறது. நேர் விளிம்புள்ள கண்ணாடித் தம்ளரில் அது பக்கவாட்டில் வழிந்து தாடையில் இறங்கும். வாய் உட்புறம் குவிந்த கோப்பையோ மூக்கிலேயே ஊற்றிவிடும். என் பெரியப்பாவின் சலவைச் சட்டை ஒருமுறை அப்படி ரோஸ் மில்க்கில் நனைந்தது முதல், பெரியவர்களுக்கு வாய் விரிந்த தம்ளர்களை மட்டும் தனியாக எடுத்து வைக்கிறேன். காம்பு வைத்த கோப்பைகளைப் பார்த்து, "என்னம்மா, பிராந்தி கிளாஸா?" என்று கேட்காத உறவினர் குறைவு. அவற்றில் ஜவ்வரிசிப் பாயசத்தை ஆறவைத்து ஊற்றிச் சிறு கரண்டியோடு கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. ஜவ்வரிசி முத்து முத்தாக மிதப்பதை வெளியிலிருந்தே பார்க்க முடிவது கண்ணாடிக்கு மட்டுமே உள்ள வசதி.

பொருந்தாமல் இருப்பதைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்தால் பன்னிரண்டு விதமான தம்ளர் இருப்பதால், யாருடையது எது என்ற குழப்பமே வருவதில்லை. நம் எச்சில் கணக்குக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. உயரம் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி ஒரு தட்டில் அடுக்கி, அடியில் ஈரத்துணி விரித்தால் நழுவாமலும் இருக்கும். ஒரே மாதிரி ஆறு வேண்டும் என்று தேடுபவரிடம்தான் கடைக்காரர் விலையை ஏற்றுவார். ஒற்றையாகக் கிடப்பதை எடுப்பவருக்கு மலிவாகவே முடியும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். நம் வீடுகளில் விருந்தினர் மேஜையைச் சுற்றி உட்காருவதில்லை. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடித்துவிட்டு, தம்ளரை நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் தரையில் வைப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரு முக்காலியாவது போட்டுவிடுங்கள். என்னுடைய 23-இல் இப்போது 17 மிச்சம். பாலில் போனது ஒன்று, கழுவும்போது காம்பு திருகியது ஒன்று, மற்ற நான்கும் தரையில் வைத்துக் கால் பட்டு உடைந்தவை. அந்த நான்கில் இரண்டை உடைத்தது நான்தான்.