வாசகர் கேள்வி – பதில்: பி.பி. மூடியில் மை ஏன் நிற்பதில்லை?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சின்ன ஷெட் ஒன்றில், பாலிப்ரோப்பிலீன் (பி.பி.) பிளாஸ்டிக் டப்பாக்களுக்கும் மூடிகளுக்கும் பேட் பிரிண்டிங் (மென்மையான மெத்தையால் மையை ஒற்றி அச்சடிப்பது) ஜாப் ஒர்க் செய்கிறோம். அச்சு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. டேப் ஒட்டி இழுத்தால் மை டேப்போடு வந்துவிடுகிறது. ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. மை சப்ளையர், ‘மையில் குறை இல்லை, பிளாஸ்மா மெஷின் வாங்குங்கள்’ என்கிறார். கடன் போட்டு வாங்கலாமா ஐயா?
– பீன்யா வாசகர்

பதில்: மையில் குறை இல்லை என்று அவர் சொன்னது அநேகமாகச் சரி. ஆனால் மெஷினுக்கு அவசரம் வேண்டாம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு செட் டைன் இங்க் (மேற்பரப்பில் மை பரவுமா என்று பார்க்கும், எண் போட்ட சோதனைத் திரவங்கள்) வாங்குங்கள்.

பி.பி. முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். மை பற்றிக்கொள்ள அதன் மேல் எதுவும் கிடையாது. அதன் மேற்பரப்பு ஆற்றல், அதாவது திரவத்தைத் தன் மேல் பரவவிடும் திறன், சுமார் 30 டைன் (டைன் என்பது அதை அளக்கும் அலகு). சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் உருண்டு நிற்கிற மாதிரி, மையும் பரவாமல் தனித்து நின்று காய்ந்துவிடுகிறது. அச்சு பிடிக்கப் பொதுவாக 38 முதல் 42 டைன் வரை வேண்டும். பசை போட்டு ஒட்டும் வேலைக்கு இன்னும் அதிகம். இந்த எண்ணை ஏற்றுவதுதான் பிளாஸ்மா மெஷினின் வேலை. அதன் நாசிலுக்குள் (ஊதுமுனை) காற்று உயர் மின்னழுத்தத்தில் உடைந்து, ஆக்சிஜன் அணுக்களும் அயனிகளுமாக, அதாவது பிளாஸ்மாவாக, வெளியே வருகிறது. அவை பிளாஸ்டிக்கின் மேல்தோலில் ஆக்சிஜன் சேர்ந்த குழுக்களை உண்டாக்கும். மாற்றம் நடப்பது சில நானோமீட்டர் ஆழத்தில் மட்டுமே. பொருளின் வலுவோ வடிவமோ மாறாது.

இப்போது உங்கள் மூடிக்கு வருவோம். 38 எண் டைன் இங்க்கை மூடியில் ஒரு கோடாகத் தடவுங்கள். 2 வினாடி உடையாமல் நின்றால் அந்த அளவு இருக்கிறது என்று அர்த்தம். சுருங்கித் துளித்துளியாகப் பிரிந்தால் இல்லை. அப்புறம் இன்னொரு மூடியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, அதே இங்க்கைத் தடவுங்கள். முன்பு பிரிந்த கோடு இப்போது உடையாமல் நின்றால், உங்கள் பிரச்சினையில் ஒரு பங்கு அழுக்கு. மோல்டிலிருந்து மூடி சுலபமாகக் கழலவேண்டும் என்று மோல்டிங் செய்பவர் சிலிகான் ஸ்ப்ரே அடித்திருப்பார். அதை பிளாஸ்மாவால் முழுசாக நீக்க முடியாது, சிலிகானைக் கண்ணாடி போன்ற படலமாக மாற்றத்தான் செய்யும். ஆகவே, முதல் வேலை மோல்டரிடம் பேசி அந்த ஸ்ப்ரேயை நிறுத்துவது. பிளாஸ்டிக்கிலேயே கலந்த வழுக்குப் பொருளும் நாளாக நாளாக மேலே கசிந்து வரும். எந்தக் கிரேடு, என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இதெல்லாம் சரிசெய்தும் எண் 30-ஐ ஒட்டியே நின்றால் பிளாஸ்மாவை யோசிக்கலாம். அப்போதும் அது ஒன்றே வழி அல்ல. உருளையான பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் கேஸ் சுடர் காட்டுவது பழைய, மலிவான, நன்றாகவே வேலை செய்கிற முறை. பி.பி.க்கென்றே வரும் பிரைமரும் உண்டு, ஆனால் கரைப்பான் நாற்றமும் கூடுதல் உலர்த்தலும் கூடவே வரும். மூடியில் பள்ளம், விளிம்பு, எழுத்து என்று மேடுபள்ளம் இருந்தால் சுடரை ஒரே சீராகக் காட்டுவது கஷ்டம். அங்கேதான் பிளாஸ்மா நாசில் தன் விலைக்கு நியாயம் செய்யும். உங்கள் மூடிகளையே கொடுத்து ட்ரையல் கேளுங்கள். விற்பவர் கொண்டுவந்த மாதிரியில் செய்து காட்டுவதை ட்ரையலாக ஏற்காதீர்கள்.

வாங்கினால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் புகையை நாசில் வழியாக மூடி மேல் அடித்துவிட்டு, மெஷின் மோசம் என்று சொல்லும் கடைகளை நம் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். இன்னொன்று, பிளாஸ்மாவை அதிக நேரம் காட்டினால் அதிகம் ஒட்டும் என்ற நம்பிக்கை தவறு. அளவுக்கு மீறினால் பி.பி.யின் சங்கிலிகள் உடைந்து, மேலே தளர்ந்த ஒரு படலம் உருவாகும். டைன் எண் பிரமாதமாகக் காட்டும், டேப் டெஸ்ட்டில் படலத்தோடு சேர்ந்து மை உரிந்து வரும். அதனால் கடைசித் தீர்ப்பு எப்போதும் டேப்புடையதுதான்.

பிளாஸ்மா காட்டிய மூடியைக் கையால் தொடாமல் அன்றைக்கே அச்சடித்துவிடுங்கள். வாரக்கணக்கில் மூட்டை கட்டி வைத்தால் பயன் குறைந்துகொண்டே போகும்.

டைன் இங்க் பற்றி ஒரு எச்சரிக்கை. வழக்கமாகக் கிடைக்கும் வகையில் ஃபார்மமைடு இருக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது கெடுதல். கையுறை கட்டாயம். கர்ப்பிணிப் பெண்களிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சோதித்த டப்பாவைத் திரும்ப லாட்டில் சேர்க்காதீர்கள். ஃபார்மமைடு இல்லாத வகையும் வருகிறது, அதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக் மாணவன் நான். பிளாஸ்மா பற்றிய ஆராய்ச்சி நம் நாட்டில் நடக்கிறதா?
– ஜாலஹள்ளி வாசகர்

பதில்: நடக்கிறது. குஜராத்தில் காந்திநகர் அருகே உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில் பிரிவு, அங்கோரா முயல் ரோமத்தை பிளாஸ்மாவில் காட்டி நூற்க ஏற்றதாக மாற்றும் முறையை உருவாக்கியது. வழவழப்பான அந்த இழைகள் ஒன்றோடொன்று பிடிக்காமல் நழுவுவதுதான் அங்கே இருந்த சிக்கல்.

கேள்வி: ஜிகணியில் கார் விளக்கு ஒட்டும் லைனில் வேலை. பிளாஸ்மா நாசில் ஓடும்போது ஒரு காரமான வாடை. மாலையில் தலைவலி, தொண்டை எரிச்சல். சூப்பர்வைசர் ‘வெறும் காற்றுதான்மா’ என்கிறார்.
– ஜிகணி வாசகி

பதில்: உள்ளே போவது வெறும் காற்றுதான், வெளியே வருவது அல்ல. ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், 8 மணி நேர வேலைக்கு ஓசோன் வரம்பு பத்து லட்சத்தில் 0.1 பங்கு என்று இருந்தது. அந்த அளவுக்குக் கீழேயே மூக்குக்கு வாடை தெரியும், அதனால் வாடையை வைத்து மட்டும் வரம்பு மீறியதா என்று சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் தலைவலியும் எரிச்சலும் தினமும் வந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. கூரையில் இருக்கும் விசிறி போதாது. நாசிலைச் சுற்றியே உறிஞ்சு குழாய் வைத்து, வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். துணி மாஸ்க் இந்த வாயுக்களைத் தடுக்காது. நீங்களும் உடன் வேலை செய்பவர்களும் சேர்ந்து, தேதி போட்டு, பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். எரிச்சல் தொடர்ந்தால் இ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டி, என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.