ஹட்டனில் இருந்து தோல் வேலை பழகுகிறேன். மழைக்காலத்தில் பேர்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது, தையல் கோணுகிறது, வீட்டிலும் எதிர்ப்பு; "இது நமக்கு வேண்டாத வேலை, செருப்புத் தைக்கிற வேலை" என்கிறார் அம்மா. தொடரலாமா?

தொடருங்கள். பூஞ்சணத்துக்கும் தையலுக்கும் வழி இருக்கிறது. வீட்டு எதிர்ப்புக்குத் துணிவுதான் வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் தலவாக்கலைப் பக்கம். வேலை முடிந்து வந்து இரவில் பேர்ஸும் தோள்பையும் தைப்பவன். நீங்கள் சொல்கிற ஈரத்தோடுதான் நானும் குடியிருக்கிறேன்.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்தத் தோல் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்டது. சாயம் உள்வரை ஏறியிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. அப்போது ஒரு சிறு துண்டை நனைத்து நகத்தால் கீறுங்கள். கோடு அப்படியே பதிந்து நின்றால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். மெத்தென்று எழும்பிக் கோடு மறைந்துவிட்டால் குரோம். பட்டை என்றால் நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை பழைய பழக்கம். உலகச் சந்தையில் வாட்டில் பட்டைக்குப் பெரிய இடம் உண்டு. நுவரெலியா பக்கம் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே, அந்த வாட்டில் குடும்பம்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், யூடியூபில் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி போல மினுக்கிக் காட்டுகிறார்களே, அது பட்டைத் தோலில்தான் நடக்கும். சப்பாத்துக்கும் கைப்பைக்குமாக நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் குரோம் தோல். அதன் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகத்தான் நிற்கும். கையில் பிழை இல்லை, தோலின் குணம் அது. குரோம் தோலென்றால் ஓரத்தைச் சீவி மெலிதாக்கி உள்ளே மடித்துத் தையுங்கள், அல்லது ஓரத்துக்கென்று விற்கும் வண்ணத்தைப் பூசுங்கள். பட்டைத் தோலென்றால் 400ஆம் இலக்கச் சேண்ட் பேப்பரால் சமன் செய்து, ஓரத்தை லேசாக நனைத்து, வழவழப்பான மரக்கட்டையால் சூடேறும்வரை தேய்த்தால் போதும்.

பூஞ்சணத்துக்கு வருவோம். பட்டைத் தோலில் அது சீக்கிரம் பிடிக்கும், குரோமில் கொஞ்சம் தாமதிக்கும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை வட்டாரத்தில் மே முதல் செப்டெம்பர்வரை காற்றே ஈரம். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் அந்த மாதங்களில் நல்ல வறட்சி. அவர்களுடைய மழை ஒக்டோபருக்குப் பிறகு. ஆகவே யாருக்குச் செய்து கொடுக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். மழையில் நனைந்தபடி வேலைக்குப் போகிறவரின் பைக்கு மெழுகேற்றிய குரோம் தோலே மேல். பட்டைத் தோலைப் பேர்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் கையில் புழங்கும் பொருளில் பூஞ்சணம் அவ்வளவாகத் தங்காது. அது தேடிப் போவது அலுமாரிக்குள் மூடி வைத்ததைத்தான்.

பிடித்துவிட்ட பேர்ஸை எறிய வேண்டாம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வெளியே கொண்டுபோய் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பிறகு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். சாயம் கரைகிறதா என்று உள்மூலையில் முதலில் பார்த்துவிடுங்கள். நிழலில், காற்று ஓடும் இடத்தில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். சேமித்து வைக்கப் பழைய தலையணை உறை நல்லது. பொலித்தீன் பை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் என்றால் வெளிச்சுவரை ஒட்டி வைக்கவே வேண்டாம்.

அவசரத்தில் அடுப்பருகே காயப்போடாதீர்கள். திருவிழாவில் தப்பு என்ற பறையை அடிப்பவர்கள் அடிக்கு முன் நெருப்பில் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகி விறைக்கிறது, நாதம் ஏறுகிறது. தப்புக்கு அந்த இறுக்கம் வேண்டும். உங்கள் பேர்ஸுக்கு வந்தால் மடிப்பில் வெடிக்கும்.

இன்னொன்று. வெள்ளையாகப் படர்ந்ததெல்லாம் பூஞ்சணம் அல்ல. தோலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் காலைநேரக் குளிரில் போத்தலில் கட்டியாக நிற்கிறதே, அதேபோலத் தோலின் மேலும் வெள்ளை மாவாக எழும்பி நிற்கும். அந்த இடத்தை உள்ளங்கையால் சற்று நேரம் பொத்திப் பிடியுங்கள். உருகி மறைந்தால் எண்ணெய், மறையாமல் பஞ்சு பஞ்சாக நின்று முடை நாற்றம் வந்தால் பூஞ்சணம். நான் தேங்காய் எண்ணெயைத் தோலருகே விடுவதில்லை. நிறமற்ற சப்பாத்து மெழுகு மிக மெல்லியதாக ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

தையல் கோணுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊசி அல்ல, துளை. தைக்கும்போதே துளை போட்டால், பழகுகிறவர் கைக்கு நேராக வருவது கடினம். எல்லாத் துளைகளையும் முதலில் போட்டு முடியுங்கள். ஒரே அடியில் பல துளை போடும் பல் உளி வாங்கக் காசில்லாவிட்டால், பள்ளிக்கூட வரைபுத்தாளை ஒரு விரல் அகலத்தில் வெட்டி ஓரத்தில் ஒட்டி, விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் உள்ளே, 4 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து, குத்தூசியை நெட்டாக நிறுத்திக் குத்துங்கள். குத்தூசி சாய்ந்தால் முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் பாம்பாகவும் போகும்.

நூல் தையல் நீளத்தின் நான்கு மடங்கு, ஊசியில் கோக்க இன்னும் ஒரு சாண். தேன்மெழுகில் இழுத்து, இரண்டு நுனியிலும் ஒவ்வோர் ஊசி. ஊசிமுனையைக் கல்லில் உரசி மழுக்கிவிடுங்கள். கூராக இருந்தால் ஏற்கெனவே போன நூலையே குத்திக் கிழிக்கும். ஒரே துளையில் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். எந்த ஊசி முதலில், எது மேலே என்ற ஒழுங்கைக் கடைசித் துளைவரை மாற்றாதீர்கள். தையல் ஒரே சாய்வாக விழுவதன் ரகசியம் அந்த ஒழுங்குதான். இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்கட்டும். முடிவில் இரண்டு துளை பின்னால் வந்து நூலை வெட்டுங்கள். மெஷின் தையலில் ஓர் இழை அறுந்தால் அடுத்தடுத்துக் கழன்று வரும். இதில் ஒன்று அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொண்டிருக்கும்.

பேர்ஸின் அளவு விஷயத்தில் நம் இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. இப்போது புழக்கத்தில் உள்ள வரிசையில் 20 ரூபாய்த் தாள் முதல் 5000 ரூபாய்த் தாள்வரை உயரம் ஒன்றுதான், 67 மில்லிமீற்றர். மதிப்புக் கூடக் கூட நீளம்தான் கூடும். ஆகவே நீளத்துக்கு 5000 ரூபாய்த் தாளை வைத்து அளந்துகொள்ளுங்கள். வங்கி அட்டை உலகெங்கும் 85.6க்கு 54 மில்லிமீற்றர். அட்டைப் பைக்கு 95 அகலம் வைத்தால் தாராளம். பழைய லமினேட் அடையாள அட்டை வைத்திருப்பவருக்குச் செய்வதானால் அந்த அட்டையையே வாங்கி அளந்துவிடுங்கள். வெளித்தோல் 1.2 மில்லிமீற்றர், உள் அறைகள் 0.8 போதும். வெட்டுமுன் மட்டையில் முழு பேர்ஸையும் வெட்டி மடித்துப் பாருங்கள்.

காசைக் கருவியில் கொட்டாதீர்கள், தோலில் போடுங்கள். கட்டர் கத்தி, இரும்பு அடிமட்டம், குத்தூசி, இரண்டு ஊசி, மெழுகு. நல்ல தோலின் வெட்டுத்துண்டுகளை இவற்றால் தைத்தாலே பொருள் நிற்கும். மட்டத் தோலில் விலையுயர்ந்த கருவியால் என்ன செய்தாலும் ஆறு மாதத்தில் மேல்தோல் உரியும்.

இனி வீட்டார். "இது நமக்கு வேண்டாத வேலை, செருப்புத் தைக்கிற வேலை" என்று அம்மா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சின் அடியில் சாதி இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தும் நாம் இறக்கி வைக்காத சுமை அது. நூலுக்கு மெழுகு இழுக்கவும், தோலை மடித்து உட்புறம் பார்த்துத் தரம் சொல்லவும் எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பஸ் நிலையத்தருகே சப்பாத்தும் குடையும் தைக்கும் ஓர் ஐயாதான். இந்த மலைகளில் தோலை அறிந்தவர்கள் அவரைப் போன்றவர்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பும் அவர்கள் கையால் ஆனது. அந்த அறிவை இழிவென்று ஒதுக்கியதில் இழந்தது நாம். அம்மாவிடம் வாதாட வேண்டாம். அவருக்குச் சம்பளம் வைக்கவும் மருந்துத் துண்டு வைக்கவும் ஒரு சின்னப் பேர்ஸ் தைத்துக் கொடுங்கள். ஆனால் அந்த ஐயாவைப் போன்றவரிடம் போய் உட்காரும்போது ஒளித்து மறைத்துப் போகாதீர்கள், நேராகப் போங்கள்.

பையைத் தொடங்கும்போது மட்டும் ஒரு கவனம். வாரை எப்போதும் முதுகெலும்பு ஓடும் திசையில், முதுகுப் பக்கத்தில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுபட்டு நீளும். வார் பையோடு சேரும் இடத்தில் உள்ளே இன்னொரு தோல் துண்டு வைத்து, சதுரமாகத் தைத்துக் குறுக்கே பெருக்கல் குறியும் தையுங்கள். பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் விழும். முதல் பையை விற்க வேண்டாம். ஒரு மழைக்காலம் முழுக்க நீங்களே சோற்றுப் பெட்டியும் குடையும் போட்டுத் தூக்குங்கள். எங்கே இளகுகிறது, எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவது பையை வெட்டுங்கள். அதற்கு விலை சொல்லலாம்.